கல்வி ஆலோசனையும் மாணவர் மனநிறைவும்

பாடத் தேர்வு, வருகைப்பதிவு, அரியர், மேற்படிப்பு, வேலை ஆகியவற்றில் கல்லூரி மாணவருக்கு ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்று வழிகாட்டுவது கல்வி ஆலோசனை. கற்பித்தலும் வழிகாட்டலும் தமக்கு எந்த அளவு பயன்பட்டன என்று மாணவர் அளிக்கும் மதிப்பீடு மாணவர் மனநிறைவு எனப்படுகிறது.

விருப்பப் பாடங்கள் பெருகியபோதே ஆலோசகரின் தேவையும் எழுந்தது. 1869இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரான சார்லஸ் எலியட் கட்டாயப் பாடங்களைக் குறைத்தார். 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தன் தொடக்க ஆண்டுகளிலேயே ஆசிரியர்களை ஆலோசகர்களாக அமர்த்தியது.

இந்தியாவில், 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, முதலில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. பாடங்களில் மாணவரின் தெரிவுக்கு அதிக இடமில்லை. கோத்தாரி கல்வி ஆணையம் (1964–66) மாணவர் ஆலோசனைச் சேவையையும் கல்லூரித் தன்னாட்சியையும் பரிந்துரைத்தது. 1978இல் தமிழகக் கல்லூரிகள் சில தன்னாட்சி பெற்றுப் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்தன. ஓர் ஆசிரியரிடம் ஒரு மாணவர் குழுவை ஒப்படைக்கும் டியூட்டர்–வார்டு முறை பல கல்லூரிகளில் உள்ளது. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகள் ஆலோசகருடன் வகுப்புக் குழுவையும் வைத்துள்ளன. அதில் ஆசிரியர்களோடு மாணவர் பிரதிநிதிகளும் அமர்வர். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியரே தலைமை ஏற்பார்.

1994இல் அமைந்த தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை (நாக்), 2017இல் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பைத் தன் மதிப்பீட்டில் சேர்த்தது. அதன் 21 கேள்விகளில் ஒன்று, வழிகாட்டி ஆசிரியர் தாம் கொடுத்த பணியைத் தொடர்ந்து கவனிக்கிறாரா என்று கேட்கிறது. கடைசிக் கேள்விக்கு மாணவர் தம் கருத்தைச் சொந்த நடையில் எழுதலாம்.

திருப்பூர், திருமுருகன்பூண்டி, அவிநாசி வட்டாரத்தில் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோர் பலர். சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி ஆகியவை இங்கு பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. பனியன் கம்பெனிகளின் ஆர்டர் அவசரத்தில் வேலைக்குப் போகும் மாணவரின் வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தேர்வெழுதுவதே சிக்கலாகும். அதை முன்னரே கவனித்து, மாணவரிடமும் பெற்றோரிடமும் பேசி, உதவித்தொகைக்கு வழிசெய்வது ஆலோசகரின் முதன்மைப் பணியாகிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியையும் வேலை வழிகாட்டலையும் இதனுடன் சேர்த்தது.

நாக் கணக்கெடுப்பு, படித்துக்கொண்டிருப்பவர்களையே கேட்கிறது. இடையில் நின்றவர்களின் குரல் அதில் பதிவாவதில்லை. எனவே ஒரு கல்லூரியின் ஆலோசனைத் தரத்தை அறிய, மனநிறைவு மதிப்பெண்ணோடு இடைநிற்றலையும் அரியர் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.