மாமரத்துச் சிலந்திக்கு மூன்று பெயர்கள்

மாமரத்தில் முசுறு ஏறியிருந்தால் யாரும் கிட்டப் போகமாட்டோம். இலைகளை இழையால் ஒட்டிக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பு கடித்தால் எப்படி எரியும் என்பது கடிபட்டவர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் ஒதுங்கி, அதே நிறத்தில், அதே ஒல்லி இடுப்போடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். கால்களை எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்கும். அது எறும்பு வேடம் போட்ட ஒரு குதிக்கும் சிலந்தி. ஆணாக இருந்தால் தாடை முகத்துக்கு முன்னால் நீண்டு, ஓர் எறும்பு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போவது போலவே தெரியும்.

1869இல் இங்கிலாந்துப் பாதிரியாரும் சிலந்தி ஆய்வாளருமான ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ், இலங்கையிலிருந்து போன மாதிரிகளைப் பார்த்து இதற்கு சால்டிகஸ் பிளாட்டலியாய்டிஸ் என்று பெயர் வைத்தார். பிளாட்டலியா என்றால் கரண்டிவாயன் பறவை. பிறகு இது மிர்மராக்னி என்ற பேரினத்துக்குள் போனது. 2016இல் மிர்மபிளாட்டா என்ற புதுப் பேரினத்துக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளில் சிலந்தி ஒன்றும் மாறவில்லை. அதே மரத்தில் அதே முசுறுக்குப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் மட்டும் ஏன் வீடு மாறுகிறது?

இதற்குப் பதில் தேடினால் ஒரு விஞ்ஞானியின் 40 வருட உழைப்பும், அவருக்கு எதிர்த்திசையில் நடந்த இன்னொருவரின் பிடிவாதமும் வந்து நிற்கின்றன.

முதலில் பிரச்சினையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். குதிக்கும் சிலந்திகளின் குடும்பத்துக்கு சால்டிசிடே என்று பெயர். சிலந்திகளிலேயே மிகப்பெரிய குடும்பம் இதுதான். 6,000க்கும் மேற்பட்ட இனங்கள். 2022 ஏப்ரலில் உலகச் சிலந்திப் பட்டியல் 50,000 இனங்களைத் தொட்டபோது, அந்த 50,000ஆவது சிலந்தியும் தெற்கு பிரேசிலில் கண்டெடுத்த ஒரு குதிக்கும் சிலந்திதான். இவை வலை கட்டி இரைக்காகக் காத்திருப்பதில்லை. எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டால் கூர்ந்து பார்த்து, தூரம் கணித்துப் பாய்கின்றன. பார்வையால் வாழ்கிற உயிர் என்பதால் ஆண்கள் நிறமும் நடனமும் காட்டித்தான் பெண்ணைக் கவர வேண்டும். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் தம்பதி 1889இலேயே இந்த நடனங்களை உட்கார்ந்து பார்த்து எழுதி, டார்வினின் பாலியல் தேர்வுக் கருத்துக்குச் சான்றாக வைத்தார்கள்.

இவ்வளவு பெரிய கூட்டத்தை எப்படிப் பிரிப்பது? 1900களின் தொடக்கத்தில் பிரான்சின் யூஜின் சிமோன் ஒரு வழி சொன்னார். தாடையின் பின்விளிம்பில் எத்தனை பல் என்று பார். ஒன்று இருந்தாலோ இல்லாவிட்டாலோ ஒரு கூட்டம், பிளவுபட்ட பல் என்றால் இன்னொன்று, பல பற்கள் என்றால் மூன்றாவது. எளிமையான முறை. பூதக்கண்ணாடி இருந்தால் யாரும் செய்யலாம். சிமோன் சாதாரண ஆள் இல்லை; உலகச் சிலந்திகள் முழுவதையும் தனி மனிதராக அலசி எழுதியவர். அதனால் அவர் போட்ட சட்டகம் நூறு வருடம் நின்றது. ஆனால் பல் என்பது மாறக்கூடிய விஷயம். பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு சிலந்திகள் ஒரே முன்னோரின் பிள்ளைகள் ஆகிவிடாது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய சிக்கல். இரண்டு ஃபைல்களில் ஒரே மாதிரி கோட் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று காப்பி அடிக்கப்பட்டதா, இல்லை ஒரே பிரச்சினைக்கு இரண்டு பேர் தனித்தனியாக ஒரே தீர்வை எழுதினார்களா? ஃபைலை மட்டும் முறைத்துப் பார்த்தால் தெரியாது. கிட் வரலாறு வேண்டும். உயிரினங்களுக்கு அந்த வரலாற்றை யாரும் எழுதிவைக்கவில்லை. மிச்சமிருக்கும் உயிர்களை வைத்து, பின்னோக்கி ஊகித்து எழுத வேண்டியிருக்கிறது.

கனடாக்காரரான வேன் மேடிசன் இறங்கியது இந்த வேலையில்தான். அவருக்கு டேவிட் என்று ஓர் உருவொத்த இரட்டைச் சகோதரர்; அவர் வண்டு ஆய்வாளர். ஹார்வர்டில் சிலந்தி அறிஞர் ஹெர்பர்ட் லெவி இருந்த காலத்தில் வேன் அங்கே படித்து, 1988இல் குதிக்கும் சிலந்திகள் பற்றி முனைவர் பட்டம் வாங்கினார். அந்த மாணவப் பருவத்திலேயே சகோதரர்கள் இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் மேக்கிளேட்.

அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு. பத்தே பத்து இனங்களை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டாகக் கிளை பிரியும் வம்ச மரங்கள் எத்தனை வரையலாம்? 3,44,59,425. இதில் எது நடந்தது? ஒரு மரத்தை எடுத்து, 'இது உண்மையென்றால் இந்தப் பல் எத்தனை முறை தோன்றி மறைந்திருக்க வேண்டும், இந்த நிறம் எத்தனை முறை மாறியிருக்க வேண்டும்' என்று எண்ணலாம். குறைவான மாற்றம் கேட்கும் மரம் ஒப்பீட்டளவில் நம்பத்தக்கது. மேக்கிளேட்டில் கிளையை மவுஸால் பிடித்து வேறு இடத்தில் ஒட்டினால், எண்ணிக்கை மாறுவது உடனே திரையில் தெரியும். கையில் வம்ச வரலாற்றை வைத்து விளையாடிப் பார்க்கிற மாதிரி. சிலந்தி, வண்டு மட்டுமில்லை, எந்த உயிரை ஆராய்கிறவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆப்பிள் கணினிகளின் உள்ளமைப்பு மாறியபோது மேக்கிளேட்டின் காலமும் முடிந்தது. சகோதரர்கள் அதற்கு முன்பே ஜாவாவில் மெஸ்கீட் என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

2003இல் மேடிசனும் மார்ஷல் ஹெடினும் டிஎன்ஏவை வைத்து குதிக்கும் சிலந்திகளின் வம்ச மரத்தை வெளியிட்டார்கள். பிறகு எக்வடோர், காபோன், பப்புவா நியூகினி, சரவாக் என்று காடுகளில் மாதிரி சேர்த்து மரத்தை அடர்த்தியாக்கினார் மேடிசன். கிடைத்த சித்திரத்தில் சிமோனின் பற்கள் சிதறிக் கிடந்தன. ஒரு பல் கூட்டமும் பல பற்கள் கூட்டமும் பல கிளைகளில் கலந்து வந்தன. அதற்குப் பதிலாகத் தெரிந்தது நிலவியல். ஒரு பெருங்கிளை பெரும்பாலும் தென் அமெரிக்காவில், இன்னொன்று ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் சுற்றி, மற்றொன்று ஆசியா ஆப்பிரிக்கா பக்கம். ஒவ்வொரு நிலப்பரப்பிலும் சிலந்திகள் தனித்தனியாகப் பெருகி, தனித்தனியாக அதே வேடங்களைக் கண்டுபிடித்திருக்கின்றன.

நம்ம மாமரத்துச் சிலந்தியின் கிளை ஆஸ்திரேலியப் பக்கத்துப் பெருங்கிளைக்குள் வருகிறது. அமெரிக்காவில் பெக்கம் தம்பதியின் பெயரைத் தாங்கிய பெக்காமியா என்ற சிலந்தியும் எறும்பு மாதிரியேதான் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் பங்காளிகள் என்றுதான் சொல்வோம். மரத்தில் இரண்டும் வெகுதூரக் கிளைகள். 2019இல் மேடிசனும் தாமஸ் சூட்ஸும் நியூகினியிலிருந்து நம்ம சிலந்தியின் உறவினர்கள் சிலரை விவரித்தார்கள். அவற்றில் எறும்பு வேடமே போடாதவையும் உண்டு. ஒரு பேரினத்துக்கு லெவியா என்று பெயர், ஆசிரியர் லெவியின் நினைவாக. எறும்பு மாதிரி இருப்பவை உறவில்லை, எறும்பு மாதிரி இல்லாதவை உறவு! தோற்றத்தை நம்பிப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எறும்பு வேடம் எத்தனை முறை பரிணமித்தது என்ற கேள்விக்கே மரம் சரியாக இருந்தால்தான் விடை உண்டு.

2015இல் மேடிசன் முழுக் குடும்பத்துக்குமான வகைப்பாட்டை வெளியிட்டார். 7 துணைக்குடும்பங்கள், 30 ட்ரைப்கள். சிமோனுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து வந்த முழு வரைபடம்.

இதோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. போலந்தின் யெஷி ப்ரூஷின்ஸ்கி ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் சாதாரண ஆள் இல்லை. உலக அருங்காட்சியகங்களில் கிடக்கும் மாதிரிகளைத் தேடித் தேடி, அடையாளம் காண உதவும் பாலுறுப்புகளைக் கோட்டோவியமாக வரைந்தவர். 1984இல் அவற்றை அட்லஸாகப் போட்டார். 1995 முதல் இணையத்தில் இலவசமாகவே தொகுத்து வைத்தார். பெரிய நூலகம் இல்லாத ஊரில் உட்கார்ந்து சிலந்திக்குப் பெயர் தேடியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

2016, 2017இல் அவர் 'நடைமுறை வகைப்பாடு' என்று ஒன்றை முன்வைத்தார். சாரம் இதுதான்: வகைப்பாடு என்பது அடையாளம் காண உதவ வேண்டும். நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமையை வைத்துப் பிரிப்போம். வம்சாவளி ஊகம் தனியாக நடக்கட்டும். அந்த வரிசையில்தான் மிர்மராக்னி என்ற பெரிய பேரினத்தை உடைத்தார். மிர்மபிளாட்டா என்ற பெயர் அவர் வைத்தது. 2019இல் பல நாட்டுச் சிலந்தி ஆய்வாளர்கள் சேர்ந்து 'பேரினங்களை எப்படி வரையறுக்கக் கூடாது' என்கிற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவருடைய முறையையும் பல முடிவுகளையும் அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் மிர்மபிளாட்டா உலகச் சிலந்திப் பட்டியலில் நிலைத்துவிட்டது.

எனக்கு இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சாயத்தான் தோன்றுகிறது, மேடிசன் பக்கம். காரணம், ஒரு பேரினப் பெயர் அடையாள அட்டையாக மட்டும் இருப்பதில்லை. அதை நம்பி அடுத்தவர் வேலை செய்கிறார். ஒரு சிலந்தியின் நடனத்தையோ விஷத்தையோ ஆராய்ந்தவர், அதே பேரினத்தில் இருக்கும் இன்னொன்றும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பார். பேரினம் உறவைச் சொல்லவில்லை என்றால் அந்த எதிர்பார்ப்புக்கு அடிப்படையே இல்லை. அதே சமயம், ப்ரூஷின்ஸ்கி கேட்டதை ஒதுக்கவும் முடியாது. ஆய்வகம் இல்லாதவன் கையில் சிலந்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அதற்கு விடை வகைப்பாட்டை வளைப்பதில் இல்லை. நல்ல படங்களும் நல்ல கையேடுகளும்தான் விடை. வேடிக்கை என்னவென்றால் அதை யாரையும்விட அதிகமாகச் செய்தவரும் ப்ரூஷின்ஸ்கிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேடிசனின் மரமும் இறுதித் தீர்ப்பு கிடையாது. அது அவருக்கே தெரியும். 1997இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, மரபணுவின் மரமும் இனத்தின் மரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்கிறது. ஒவ்வொரு மரபணுவும் தன் வழியில் கைமாறி வந்திருக்கும். இனத்தின் வரலாறு அந்த வழிகளெல்லாம் சேர்ந்த மேகம் மாதிரி. 2018இல் அவரும் அவர் மாணவியும் ஹாப்ரோநாட்டஸ் என்ற வட அமெரிக்கச் சிலந்திகளின் மரபணுக்களை அலசினார்கள். வேன் வாழ்நாளெல்லாம் நேசித்த, ஆண்கள் கால்களை அசைத்து, தரையை அதிரவைத்து ஆடிப்பாடும் பேரினம் அது. அங்கே இனங்கள் ஒன்றோடொன்று கலந்து மரபணுக்களைக் கொடுத்து வாங்கியிருப்பது தெரிந்தது. மரம் வரைய மென்பொருள் எழுதியவருக்கு, அவருடைய சொந்தச் சிலந்திகளே ஒற்றை மரம் போதாது என்று காட்டின. அவர் அதை மறைக்காமல் வெளியிட்டார்.

அந்த ஹாப்ரோநாட்டஸ் இருக்கும் ட்ரைப் பிளெக்ஸிப்பினி. வீட்டுச் சுவரில் கருப்பில் வெள்ளைக் கோடு போட்டு, கிட்டப் போனால் திரும்பி நின்று நம்மையே பார்க்கும் சிலந்தி ஒன்று உண்டில்லையா? பிளெக்ஸிப்பஸ் பேகுல்லியின் ஆண் அது. அதுவும் அதே ட்ரைப். அதன் பெயரை உறுதிசெய்ய ப்ரூஷின்ஸ்கியின் கோட்டோவியங்கள் போதும். அரிசோனாப் பாலைவனத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்று அதற்குச் சொந்தம் என்று தெரிய மேடிசனின் மரம் வேண்டும்.