சூதாட்டம்

முடிவு ஆடுபவன் கையில் இல்லாத ஒன்றின்மேல் பொருளைப் பணயம் வைப்பது சூதாட்டம். பழந்தமிழில் சூதாடு கருவிக்குக் கவறு, வல் என்னும் பெயர்கள் உண்டு. மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் பகடைகள் கிடைத்துள்ளன, கீழடியிலும் கிடைத்துள்ளன. பொழுதுபோக்கிற்கு உருட்டினார்களா, பணயம் வைத்தா என்பதைப் பகடை சொல்லாது.

பணயத்துக்கு இலக்கியச் சான்று ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ளது. மனைவி விரட்ட, மாமியார் வெறுக்க, மீண்டும் களத்துக்கே ஓடும் ஒரு சூதாடியின் புலம்பல் அது. அவன் ஆடியது தான்றிக்காயைக் கொண்டு. திரிபலா சூரணத்தில் சேர்கிறதே, அதே காய்தான். காய்களை அள்ளி, எண்ணிக்கை நான்கால் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்ப்பதே ஆட்டம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அப்படியானால் ஆட்டத்துக்கு வேண்டியது விரைந்து எண்ணும் கண். மகாபாரதத்து நளன் கதையும் இதையே காட்டுகிறது. நளன் ஓட்டும் தேரில் போகும்போதே மன்னன் இருதுபன்னன் ஒரு தான்றிமரத்தின் இலைகளையும் காய்களையும் கணித்துச் சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. குதிரை நூலைக் கொடுத்துக் கவறாடும் நுட்பத்தைப் பெற்றுக்கொள்கிறான்.

அரசுகள் சூதைப் பழித்தன, பங்கும் வாங்கின. அர்த்தசாத்திரம் அதற்கென்று ஓர் அதிகாரியை நியமிக்கிறது. ஆட்டம் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும், வேறெங்கும் ஆடினால் 12 பணம் அபராதம், வென்றதில் நூற்றுக்கு ஐந்து வரி. ஒரே இடத்தில் வைத்தால் திருடர்களும் ஒற்றர்களும் சிக்குவார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். திருக்குறள் சூதைக் கண்டிக்கும் 94ஆம் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

ஐரோப்பாவிலும் இதே போக்குதான். வெனிஸ் அரசு 1638இல் தானே ஒரு சூதாட்ட மாளிகையைத் திறந்து, 1774இல் மூடியது. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் எழுந்தது 1753ஆம் ஆண்டு லாட்டரிப் பணத்தில்.

ஆனால் அங்கே சூது ஒரு கணிதத் துறையையே ஈன்றது. மிலான் மருத்துவர் கார்டானோ தீராத சூதாடி. பகடைக் கணக்கு பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்து 87 ஆண்டுகள் கழித்து, 1663இல் அச்சேறியது. அதற்குள் வேறு இருவர் முந்திக்கொண்டனர். பாதியில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியை ஒரு பிரெஞ்சுச் சூதாடி கிளப்ப, கணித அறிஞர்கள் பாஸ்கலும் பெர்மாவும் 1654இல் கடிதங்களில் விடை கண்டனர். நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கமாக இதையே சொல்வார்கள். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒருமுறையேனும் ஆறு விழும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். இரு பகடைகளை 24 முறை உருட்டினால் இரட்டை ஆறு விழும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் கீழ். இப்படிச் சிறு வேறுபாட்டையும் பிடித்துவிடும் இந்தக் கணக்குதான் இன்று ஆயுள் காப்பீட்டுத் தவணையையும் நிர்ணயிக்கிறது.

தமிழ்நாட்டில் 1968இல் அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003இல் எல்லா லாட்டரிகளுக்கும் தடை வந்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, அதனால் சூதாட்டம் ஆகாது என 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இணையச் சூதுக்கு எதிரான 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்ததும் அதே அடிப்படையில்தான். 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது.