ஹன்னிபால்: கொடி மாறிய கப்பலும் அதன் மாலுமிகளும்

1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினம் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அணிவகுத்த 12 போர்க்கப்பல்களில் ஒன்று, ஒரு மாதம் முன்புவரை ஆங்கிலேயருடையது. 1779இல் கட்டப்பட்ட, 50 பீரங்கிகள் கொண்ட ஹன்னிபால், ஜனவரியில் சுமத்ரா அருகே பிடிபட்டது. அன்னிபால் என்ற பெரிய கப்பல் பிரெஞ்சுப் படையில் ஏற்கெனவே இருந்ததால், இதற்குப் பெத்தி அன்னிபால், அதாவது ‘சின்ன அன்னிபால்’ என்று பெயரிட்டார்கள். எதிரே ஆங்கிலத் தளபதி ஹியூஸ் நிறுத்திய 9 கப்பல்களிலும் மொனார்கா என்ற கப்பல் 1780இல் ஸ்பெயினிடமிருந்து பறித்ததுதான். கப்பலைப் பறிப்பதும், பறித்ததைக் கொண்டே போரிடுவதும் அக்காலக் கடற்போரின் வழக்கம்.

64, 74 பீரங்கிக் கப்பல்கள் மோதும் இடத்தில் ஐம்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். சுஃப்ரெனுக்கு இந்தியக் கரையில் பழுதுபார்க்கத் தக்க துறைமுகம் அப்போது இல்லை. நாகப்பட்டினம் போருக்குப் பின் கடலூரில் வீடுகளைப் பிரித்து மரம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில், பீரங்கிகளோடு கையில் கிடைத்த ஒரு கப்பல் பெரும் செல்வம். அதனால்தான் 1783 ஜூனில் கடலூரில் நடந்த கடைசிப் போர்வரை அது அணியில் நின்றது.

ஆனால் பிடிபட்ட கப்பலின் வரலாற்றை மரத்தையும் பீரங்கியையும் கொண்டு மட்டும் எழுதுவது பாதி வரலாறு. 1782 ஆகஸ்டில் சுஃப்ரென் தம்மிடமிருந்த ஆங்கிலக் கைதிகளைக் கடலூரில் பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியான மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியிடம் ஒப்படைத்தார். கைதிகளை மாற்றிக்கொள்ள அவர் முயன்றார், சென்னையிலிருந்த ஆங்கிலேய நிர்வாகம் இணங்கவில்லை, உணவும் தட்டுப்பாடு என்பது அவர் தரப்பு நியாயம். அது நெருக்கடியை விளக்குகிறது, பொறுப்பைத் துடைக்கவில்லை. அந்தக் கைதிகளில் ஒருவனான, ஹன்னிபாலில் சிறுவனாக இருந்த ஜேம்ஸ் ஸ்கரி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு, ஹைதரின் மகன் திப்புவின் படையில் சேர்க்கப்பட்டான். கைதிகளை விடுவிக்கச் சொன்ன 1784 மங்களூர் உடன்படிக்கைகூட அவனை மீட்கவில்லை. சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின் தப்பித்தே மீண்டான். அவன் அனுபவம் 1824இல் நூலாக வந்தது. கப்பலுக்குப் புதுக் கொடியும் புதுப் பெயரும் கிடைக்கச் சில வாரங்களே போதுமாயிருந்தன. மாலுமிக்கு இளமையே விலையானது. கடற்போர்களை எடைபோடும்போது இந்த விலையையும் கணக்கில் சேர்ப்பதுதான் நேர்மையான வரலாறு.