பட்டம் வசையான கதை

"போதும்! அடுத்த வரியைப் படி!" என்றேன். அந்தக் குரலில் இருந்தது ஆசிரியரின் கண்டிப்பு அன்று, அச்சம்!

உத்தனப்பள்ளியில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருபவன் நான். அன்று தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் பற்றிப் பேச்சு. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் என்ற வரியைப் படித்த மாணவன், "அவர்கள் யார், ஐயா?" என்று கேட்டான். விளக்கப் புகுந்தால் 'தேவரடியார்' என்ற சொல் வரும். அது வந்தால், தெருவிலே புரண்டு தேய்ந்த அதன் மற்றொரு வடிவம் பின்வரிசையிலிருந்து சிரிப்பாக வெடிக்கும். நான்கே எழுத்து! அதைக் கேட்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும், காது அடைக்கும். சிறுவயதில், எவனாவது அதை உதிர்த்துவிடுவானோ என்று அஞ்சிச் சந்தையைச் சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தவன் நான். பேயில்லை, பிசாசில்லை என்று மேடையேறி முழங்குபவனுக்கு நான்கெழுத்தைக் கண்டு நடுக்கம்! நண்பர்களே, நகைக்காதீர்கள். இந்நோய் பலருக்கு உண்டு; வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

எங்கள் ஊர் எல்லைப்புறம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஏச்சும் பேச்சுமாக ஒலிக்கும். பிற மொழி வசைகளும் எனக்குப் புரிகின்றன. ஆனால் உடல் பதறுவதில்லை. ஏன்? அமெரிக்காவில், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றோரிடம் நடந்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. கூசும் சொற்களைக் கேட்கும்போது தோலில் ஏற்படும் மின்மாற்றத்தை அளந்தார்கள். ஆங்கிலத்தைவிடத் தாய்மொழியில் கேட்டபோதே அதிர்வு மிகுந்திருந்தது. அப்படியானால் நஞ்சு ஒலியிலே இல்லை. யாரோ ஏற்றியிருக்கிறார்கள்!

எப்போது ஏறிற்று? அடியார் என்பது இழிசொல்லா? நாயன்மார் அறுபத்து மூவரும் அடியார்களே. ஆணுக்குச் சூட்டினால் அது பட்டம். அதையே பெண்ணுக்குச் சூட்டினால் அவளையும் அவள் மகனையும் குத்தும் கத்தி! இந்த இரசவாதத்தை எந்தத் தெய்வமும் செய்யவில்லை, மனிதரே செய்தனர்.

1014இல், இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டு, 400 பெண்களையும் பெயர் பெயராகக் குறிக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் அதில் உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தேவரடியார் கோயிலுக்குக் கொடையளித்ததைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. கொடுத்தவள் பெயரைக் கல்லிலே வெட்டினார்கள், காறித் துப்பவில்லை.

இதைக் கேட்டு, "ஆகா, பொற்காலம்!" என்று கைதட்ட வேண்டாம். அதே சோழ நாட்டில், 1201இல், பஞ்சத்திலே சாகாமலிருக்கத் திருப்பாம்புரத்து வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் கோயிலுக்கு அடிமையாக 110 காசுக்கு விற்றார். அதுவும் கல்வெட்டில்தான் இருக்கிறது. அரண்மனை நெல்லளந்த காலத்திலும் அடிமை அடிமையே.

பின்னர் அரசுகள் சரிந்தன, நெல் நின்றது, பொட்டுக் கட்டும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. கோயில் காக்காத பெண்ணை மிராசுதாரும் சமீன்தாரும் 'காத்தார்கள்'. அவளுக்கு வசை, அவள் வாயிலில் வில்வண்டியை நிறுத்தியவனுக்கோ 'மைனர்' என்று செல்லப்பெயர்! மீசையை முறுக்கிக்கொண்டே கேட்டு மகிழ்வானாம். அவன் பெயர் ஏன் வசையாகவில்லை? சொல்லை ஆண்டவன் அவனல்லவா!

அந்தச் சொல்லின் நிழலிலே பிறந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினார்களா? 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள், அந்தக் குலத்தவர். மகளை ஆண்கள் கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பை மீறிப் படித்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் எழுந்து, பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஊர் ஊராகச் சென்று அந்த வழக்கத்தைச் சாடினார். 1936இல் அவர் வெளியிட்ட புதினத்தின் பெயர், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. மற்றவர் வாய்கூசிய சொல்லை அட்டையிலேயே அச்சிட்டார். மைனரையும் விடாமல் பக்கத்திலே நிறுத்தினார்! 1947இல் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டுவது குற்றமாயிற்று.

சொல் மட்டும் சிறை செல்லவில்லை. பேருந்தில் கால்மிதிபட்டவன் இன்றும் அதைத்தான் உமிழ்கிறான். கேட்டு நடுங்குகிறவன் இங்கே ஒருவன் இருக்கிறான்.

அம்மாணவனுக்கு விடை கடன்பட்டிருக்கிறேன். அடுத்த வகுப்பில் அக்கல்வெட்டின் படியை அவன் கையிலே கொடுத்து, 'நக்கன்' என்று தொடங்கும் அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் சொல்வேன். பின்வரிசை சிரித்தால் சிரிக்கட்டும். அவர்களுக்கும் இந்தக் கதை தெரியாது.