காதும் வாயும்

உரிமை என்பது யாது? பிறர் சொல்லைக் கேட்பது மட்டுமன்று. நம் சொல்லையும் பிறர் கேட்கச் செய்வதே உரிமை என்போம். கம்பியில்லாத் தொலைபேசியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1928ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரப் போலீசார் தம் மோட்டார் வண்டிகளில் வானொலிக் கருவி பொருத்தினர். வண்டியிலிருப்போர் கட்டளையைக் கேட்கலாம். மறுமொழி கூற இயலாது. கூற வேண்டின், இறங்கித் தொலைபேசியைத் தேடியலைய வேண்டும். 1933இல் பேயோன் நகரில்தான் போலீஸ் வண்டிக்கு வாய் முளைத்தது. 1946 ஜூன் 17இல் செயிண்ட் லூயிஸ் நகரில் கட்டணம் செலுத்துவோர் யாவருக்கும் மோட்டார்த் தொலைபேசி கிட்டியது. அக்கருவியின் எடை 80 இராத்தல். பேசுவோர் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கும்போது அதனை விட்டுவிட வேண்டும். நகர் முழுவதிலும் ஒரே சமயத்தில் மூவரே பேசலாம்.

நம் பேராக்கிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1943 மே மாதம், நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார் ஜான் டேவிஸ். காட்டிற்குள் பளுவான கருவிகளைச் சுமந்து திரிந்த அவர் குழுவினர், கம்பியில்லாத் தந்தியால் கொழும்பை எட்டியது 1945 பிப்ரவரியிலேதான்.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலச் சட்டம் பிறந்தது. போலீசாருக்கும் படையினருக்கும் கம்பியில்லாக் கருவிகள் பெருகின. அதே ஜூன் மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. ஒருபுறம் வாய் திறந்தது. மறுபுறம் வாய் அடைபட்டது!

தோட்டத் தொலைபேசியோ துரை பங்களாவிலும் ஆபீசிலுமே இருந்தது. லயத்தில் ஒருத்திக்குப் பிரசவ வேதனை கண்டால், கணவன் இருளில் ஓடிக் கிராணியை எழுப்ப வேண்டும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று கட்டளையைக் கேட்ட தொழிலாளி, டெட்ராய்ட் வண்டியை ஒத்தவனே, காதுண்டு, வாயில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோதுதான் அவன் ஒரே குரலில் மறுமொழி கூறத் தொடங்கினான்.

1985இல் ‘அத்தூர் 450’ என்னும் வண்டித் தொலைபேசி இந்நாட்டிற்கு வந்தது. அது செல்வர்க்கே உரியதாயிருந்தது. இன்றோ, பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் வீடுகளும் எழுந்துள்ளன; லயத்தில் பிறந்தோர் ஈப்போவில் கைப்பேசியுடன் நடக்கின்றனர்.

வாய் பெற்றோம், மகிழ்ச்சியே. ஆயினும் அன்பர்களே, நம் இல்லத்தில் பெண்களும் பிள்ளைகளும் பேச விழையும்போது, நாம் அழுத்திய பொத்தானைச் சற்றேனும் விடுகின்றோமா?