குட்டிப் படமும் முழுப் படமும்

சமூக வலைத்தளத்தில் உங்கள் முகம் தபால்தலை அளவில்தான் தெரிகிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? ஒரு சின்ன வரலாறு சொல்கிறேன்.

ட்விட்டர் 2006 செப்டம்பரில் தன் ஏ.பி.ஐ.யைத் திறந்தது. வெளியார் எழுதும் மென்பொருள்கள் தகவல் கேட்டு வாங்கும் வாசல் அது. ஒருவரின் முகப்படத்தைக் கேட்டால் 48க்கு 48 பிக்சல் குட்டிப்படத்தின் முகவரி வரும். அதில் கோப்பின் பெயரோடு 'நார்மல்' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். அந்த வாலை நறுக்கினால் போதும், ஏற்றிய முழுப்படமும் வந்துவிடும்! இது திருட்டு வித்தை அல்ல; ட்விட்டரின் கையேட்டிலேயே இருந்த வழி.

2010 ஏப்ரலில் ஃபேஸ்புக்கின் கிராஃப் ஏ.பி.ஐ. வந்தது. பயனர் எண்ணுடன் 'லார்ஜ்' என்று கேட்டால் 200 பிக்சல் அகலப் படம் கிடைத்தது. அனுமதிச் சாவியான டோக்கன்கூட வேண்டாம். பயனர் எண்ணை வைத்துக் கேட்பவர்களுக்கு டோக்கன் கட்டாயமானது 2020 அக்டோபர் 24 முதல்தான். பத்து வருடம் கதவு திறந்தே கிடந்திருக்கிறது!

நான் படிப்பது வணிகவியல். எனக்குத் தோன்றுவது இதுதான்: கடைவாசலில் தொங்கும் சாம்பிளைப் பார்த்துவிட்டு, கிடங்கில் இருக்கும் சரக்கை மறந்துவிடுகிறோம். படத்தை ஏற்றும் முன்பே நாம்தான் அளவைக் குறைக்க வேண்டும்.