ஆதிச்சநல்லூர்ப் பரம்பு

தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையை ஒட்டி நீண்டு கிடக்கும் மேட்டு நிலம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவு. சுமார் 114 ஏக்கர் பரப்புள்ள இம்மேடு முழுவதும் இரும்புக்கால மக்கள் தம் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்த இடுகாடு. தென்னிந்தியாவில் இதுவரை தெரியவந்துள்ள தாழிக்காடுகளில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கவை மிகச் சில.

ஐரோப்பாவிலும் கொரியாவிலும் காணப்படும் ஈமமேடுகள் ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ புதைத்து, மேலே மண்ணைக் குவித்து எழுப்பியவை. ஆதிச்சநல்லூர் மேடு அப்படி மனிதர் கட்டியதன்று. இயற்கையாக உயர்ந்து நின்ற பாறை நிலம். மேலே சில அடி ஆழத்துக்குச் சரளை மண். அதன்கீழ் உளுத்துப்போன வெங்கச்சங்கல் பாறை. அந்தப் பாறையில் தாழி அளவுக்குக் குழி குடைந்து, அடுத்தடுத்த குழிகளுக்கு இடையே பாறையைச் சுவர்போல் விட்டுவைத்திருக்கிறார்கள். விளைநிலத்தைத் தொடாமல், பயிருக்கு உதவாத மேட்டை இறந்தோருக்கு ஒதுக்கியது தேர்ந்த முடிவு. இடுகாடு இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்ததற்கும் அதுவே முதற்காரணம்.

தமிழகத்தின் இரும்புக்கால ஈமச்சின்னங்கள் பல வகைப்படும். கற்குவை, கல்வட்டம், கல்திட்டை, கற்பதுக்கை, ஈமப்பேழை, தாழி என்பவை முதன்மையானவை. வட மாவட்டங்களில் கல்வட்டங்களும் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் மிகுதி. பல்லாவரம், குன்றத்தூர், சாணூர் ஆகியவை அவ்வகைக்குப் பெயர்பெற்ற ஊர்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அமிர்தமங்கலத்தில் இந்தியத் தொல்லியல் துறை 1950களில் அகழாய்வு நடத்தியது. தாமிரபரணி, வைகைப் படுகைகளிலோ தாழியே பெருவழக்கு. தரைக்குமேல் கல் அடையாளம் எதுவும் வைக்காமல் தாழியை மட்டும் புதைக்கும் முறை ஆதிச்சநல்லூரில் முழுவடிவம் பெற்றது எனலாம். தாழியில் அடக்கம் செய்யும் வழக்கம் சங்க காலத்திலும் இருந்தது. புறநானூற்றுப் பாடல்கள் சில, தாழி வனையும் குயவரை நோக்கிப் பேசுகின்றன.

தாழிகள் தடித்த சுவருடைய பெரிய மட்பாண்டங்கள். உள்ளே எலும்புகளும், கருப்பு–சிவப்பு நிறத்தில் பளபளப்பாகத் தேய்த்த சிறு கலங்களும் இருந்தன. சிலவற்றில் குந்திய நிலையில் முழு எலும்புக்கூடு காணப்பட்டது. பலவற்றில் மண்டையோடும் பொறுக்கியெடுத்த எலும்புகளும் மட்டுமே. மூப்படைந்தும் உயிர் பிரியாத முதியோரைச் சோற்றோடும் விளக்கோடும் தாழிக்குள் இறக்கிவிடுவார்கள் என்று நெல்லைச் சீமையில் நெடுங்காலமாக வழங்கும் கதை, பொறுக்கியெடுத்த எலும்புகளின் முன் நிற்காது. இறந்தபின் உடலை வேறோரிடத்தில் விட்டுவைத்து, எஞ்சிய எலும்பைத் திரட்டி இரண்டாம் முறை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

பரம்பை வெளியுலகுக்குத் தெரிவித்தவர் பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர். 1876இல் மாவட்ட ஆட்சியரும் பொறியாளரும் உடன்வர இங்கே தோண்டினார். ஐம்பதுக்கு மேற்பட்ட வகை மட்கலங்கள், இரும்பு ஆயுதங்கள், எலும்புகள் ஆகியவை அவரோடு பெர்லின் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அடுத்து வந்தவர் தொல்லியல் துறைக் கண்காணிப்பாளர் அலெக்சாண்டர் ரீ. 1899 முதல் 1905 வரை பல பருவங்களாக அவர் நடத்திய அகழாய்வே இவ்விடத்தின் புகழுக்கு அடித்தளம். அதே காலத்தில், 1903–04இல், பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக்கும் தோண்டித் தம் பங்கைப் பாரீசுக்குக் கொண்டுபோனார். ரீயின் பொருட்பட்டியல் 1915இல் அச்சாயிற்று.

ரீ கண்டெடுத்தவற்றுள் இரும்புப் பொருட்களே எண்ணிக்கையில் மிகுதி: வாள், ஈட்டி, குத்துவாள், கோடரி, மண்வெட்டி. ஆயுதங்கள் தாழிக்கு உள்ளும் புறமும் முனை கீழ்நோக்கியபடியே இருந்தன. அடக்கத்துக்கு வந்தவர்கள் அவற்றை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று ரீ கருதினார். அந்தச் சடங்கை இதைவிட நெருக்கமாகக் காட்டும் தடயம் வேறில்லை. நெல், தினை வகைகளின் உமியும் துணியின் எச்சமும்கூடக் கிடைத்தன.

தங்கப் பொருட்களில் நெற்றிப்பட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. நீள்வட்டமாகத் தட்டிய மெல்லிய தகடுகள். இரு முனைகளிலும் கயிறு கோக்கத் துளை. அவற்றுள் சிலவற்றை மடித்துத் தாழிக்குள் இட்டிருந்தனர்.

வெண்கலக் கலங்கள் தனிச்சிறப்புடையவை. மூடிகளின் உச்சியில் எருமை, ஆடு, மான், பறவை உருவங்கள் வார்க்கப்பட்டுள்ளன. அகன்று வளைந்த கொம்புடைய எருமை உருவம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்ப்பவரை நிறுத்திவைக்கும். கலங்கள் சிலவற்றில் வெள்ளீயம் நூற்றுக்கு 23 பங்கு அளவில் சேர்ந்திருப்பதை உலோகவியல் ஆய்வு காட்டியுள்ளது. இவ்வளவு வெள்ளீயம் கலந்த வெண்கலம் குளிர்ந்த நிலையில் அடித்தால் கண்ணாடிபோல் உடைந்துவிடும். செஞ்சூட்டில் வைத்துத் தட்டி மெலிதாக்கி, உடனே தண்ணீரில் தோய்த்தால்தான் நொறுங்காத பொன்னிறக் கலம் கிடைக்கும். கேரளத்துக் கன்னார் இன்றும் கையாளும் நுட்பம் இது. வெள்ளீயம் தமிழ்நாட்டில் கிடைப்பதில்லை. வணிகத்தின் வழியே வந்திருக்க வேண்டும். ஆற்றுவழியே கீழே போனால் கொற்கைத் துறை என்பதை நோக்க, அதில் வியப்பில்லை.

மண்டையோடுகளை 1930இல் சுக்கர்மன் அளந்து அறிக்கை எழுதினார். அன்று நிலவிய இனப்பகுப்பின்படி அவற்றைப் பல இனங்களுக்குப் பங்கிட்டுத் தந்த எழுத்துகள் பின்னர் பெருகின. மண்டையோட்டின் நீள அகலத்தைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையை அறிவியல் கைவிட்டுவிட்டதால், அம்முடிவுகளை இன்று சான்றாகக் கொள்ள இயலாது. புதைக்கப்பட்டோர் தாமிரபரணிக் கரையில் உழுது, உலோகம் உருக்கி வாழ்ந்த குடிகளே.

ரீக்குப் பின் ஏறத்தாழ நூறாண்டு பரம்பு தொடப்படவில்லை. 2004–05இல் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் தோண்டியபோது, சுமார் 600 சதுர மீட்டரில் 150க்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. பழைய தாழிகளின் மேல் புதியவை அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்ததால், பல தலைமுறைகள் இதே மேட்டைப் பயன்படுத்தியது உறுதியாயிற்று. பெண், நாரை, மான், முதலை ஆகியவை ஒட்டுவேலைப்பாடாக அமைந்த ஓட்டுச்சில்லு இவ்வகழாய்வின் அரிய கொடை. அறிக்கை அச்சேறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இது தொடர்பான வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போனது. அமெரிக்காவில் சோதித்த இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என 2019இல் தெரியவந்தது. ஆற்றின் எதிர்க்கரைப் பக்கமுள்ள சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்ற காலம் 2021இல் அறிவிக்கப்பட்டது. எனவே இப்பகுதித் தாழி அடக்கம் கி.மு. முதலாயிரத்தின் தொடக்கத்துக்கு முன்பே வேர்விட்டது எனலாம்.

சுற்றிலும் நிலம் பெரிதும் மாறிவிட்டது. மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் கால்வாய்கள் பள்ளத்தை எல்லாம் நெல்லும் வாழையுமாக ஆக்கிவிட்டன. சாலைக்குச் சரளை எடுத்த குழிகளில் எண்ணற்ற தாழிகள் உடைந்து போயின. கால்வாய் நீர் ஏறாத உயரம் மட்டும் மேட்டைக் கலப்பையிடமிருந்து காத்தது.

2020 நடுவண் நிதிநிலை அறிக்கை, தளத்திலேயே அருங்காட்சியகம் அமையும் ஐந்து இடங்களுள் ஆதிச்சநல்லூரைச் சேர்த்தது. 2021 முதல் நடந்த அகழாய்வில் மீண்டும் ஒரு தங்கப் பட்டம் கிடைத்தது. தோண்டிய குழியில் தாழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்த காட்சிக்கூடம் 2023 ஆகஸ்டு 5 அன்று திறக்கப்பட்டது. யாகோரும் லாப்பிக்கும் எடுத்தவை பெர்லினுக்கும் பாரீசுக்கும், ரீ எடுத்தவை சென்னைக்கும் பிரிந்து போயின. முழு அருங்காட்சியகம் எழும்போது எருமை மூடியும் நெற்றிப்பட்டங்களும் அவை கிடைத்த மேட்டுக்கே திரும்பி வரவேண்டும்.